எண்ணெய் சொட்டும் பழைய கார்கள்: ஹப்சிகுடாவிலிருந்து ஓர் ஆய்வு

ஹப்சிகுடாவின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சங்கக் கூட்டம் கூடினால், தண்ணீர் லாரிக் கணக்குக்கும் லிஃப்ட் பராமரிப்புக்கும் அடுத்தபடியாக ஒரு புகார் வரும்: கீழே இன்னாருடைய பழைய கார் ஆயில் சொட்டுகிறது, தரையெல்லாம் கறை. அந்த இன்னார் பெரும்பாலும் ஓய்வுபெற்றவராக இருப்பார். உப்பல் சாலை நெடுகத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம், உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம், தார்நாகா பக்கம் இந்திய வேதித் தொழில்நுட்பக் கழகம் என்று ஆய்வுக்கூடங்கள் வரிசையாக நிற்கின்றன. அங்கே வேலை பார்த்து, இங்கேயே வீடு வாங்கித் தங்கிவிட்ட குடும்பங்கள் நிறைய. தமிழ்க் குடும்பங்களும் அவற்றில் உண்டு. பணிக்காலத்தில் வாங்கிய காரை விற்க மனம் வராமல் வைத்திருப்பவர்கள் இவர்கள்.

அவர்களுக்குக் கிடைக்கும் யோசனைகள் மூன்றுதான். விற்றுவிடுங்கள் என்கிறது சங்கம். இன்ஜினை இறக்க வேண்டும் என்கிறது பட்டறை. கெட்டியான ஆயிலை ஊற்றுங்கள், அல்லது கசிவை நிறுத்தும் இந்த டப்பாவைக் கலந்துவிடுங்கள் என்கிறது உதிரிபாகக் கடை. ஆயில் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது, ஏன் வருகிறது என்ற மூன்று கேள்விகளையும் யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால், கசிவு என்பது பேக்கிங்கும் ஆயில் சீலும் மட்டும் சம்பந்தப்பட்ட விஷயமல்ல என்று தெரியவரும். ஏர் ஃபில்டர், ஆயில் ஃபில்டர், பிஸ்டன் ரிங், இன்ஜினுக்குள் தேங்கும் அழுத்தம், சீலின் வயது ஆகிய எல்லாம் ஒரே சங்கிலி. கசிவுக்கு ஒரு செலவு, ஃபில்டருக்கு ஒரு செலவு என்று பிரித்துப் பார்ப்பதால்தான் இரண்டிலும் பணம் வீணாகிறது என்பது என் கருத்து.

முதலில் எந்தக் கார்களைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லிவிடலாம். உத்தர்பாராவில் 2014 மே மாதம் உற்பத்தி நின்ற அம்பாசடர். பம்பாயில் உருவான பிரீமியர் பத்மினி. 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து 2014 ஜனவரியில் விடைபெற்ற மாருதி 800. மாருதி 800 விஷயத்தில் ஹைதராபாத்துக்குத் தனிக் கணக்கு ஒன்று இருக்கிறது. பாரத் ஸ்டேஜ் 4 விதிகள் 13 நகரங்களில் நடைமுறைக்கு வந்த 2010 ஏப்ரலில், அந்த நகரங்களில் இந்தக் காரின் விற்பனை நிறுத்தப்பட்டது. ஹைதராபாத் அவற்றில் ஒன்று. ஆகவே இந்த நகரத்தில் புதிதாக விற்பனையான மாருதி 800களில் மிக இளையதுகூட 2025 ஏப்ரலோடு 15 வயதைத் தாண்டிவிட்டது. 15 ஆண்டுக்குப் பிறகு பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. காரை வைத்துக்கொள்வதென்றே முடிவெடுத்து இவ்வளவு செலவழிப்பவர்கள் கசிவை ஒழுங்காகப் புரிந்துகொள்வது நல்லது.

எவ்வளவு, எங்கிருந்து

கறையின் அளவு மனிதரை ஏமாற்றும். ஒரு சொட்டு ஆயில் தரையில் பரவினால் உள்ளங்கை அகலம் தெரியும். ஆனால் ஏறத்தாழ 20 சொட்டு சேர்ந்தால்தான் ஒரு மில்லிலிட்டர். நிறுத்திய காரில் நிமிடத்துக்கு ஒரு சொட்டு வீதம் பத்து மணி நேரம் விழுந்தால் 600 சொட்டு, அதாவது 30 மில்லி. இது தினமும் நடந்தால் மாதத்துக்கு 900 மில்லி. மாருதி 800 போன்ற சின்ன இன்ஜின் கொள்ளும் ஆயிலே மூன்று லிட்டர் அளவுதான் என்பதால் இது கவலைப்பட வேண்டிய கசிவு. மாறாக, இரவு முழுவதும் நாலைந்து சொட்டு என்றால் ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் நூறு மில்லி வராது. இதற்காக இன்ஜினை இறக்குவது அநியாயம். ஒரு பழைய அட்டையை விரித்து வைத்து, சொட்டை எண்ணி, டிப் ஸ்டிக்கில் குறையும் அளவோடு ஒப்பிட்டாலே பாதி பயம் போய்விடும். டிப் ஸ்டிக்கில் குறைவது தரையில் விழுவதைவிட மிக அதிகம் என்றால், ஆயில் உள்ளே எரிகிறது அல்லது ஓடும்போது மட்டும் கசிகிறது. அந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

எங்கிருந்து என்பது இன்னும் கடினம். ஆயில் மேலிருந்து கீழே வழியும். ஓட்டத்தில் காற்று அதைப் பின்னால் தள்ளும். டேப்பெட் கவரில் கசிவது கியர்பாக்ஸ் இணையும் இடத்தில் வந்து சொட்டும். அதைப் பார்த்து, பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது என்று முடிவுகட்டி கியர்பாக்ஸை இறக்கியவர்கள் ஏராளம். நூறு ரூபாய் பேக்கிங் வேலைக்குப் பதில் பல ஆயிரம் ரூபாய்ச் செலவு. இன்ஜினை நன்றாகக் கழுவித் துடைத்து, உலர்ந்தபின் சந்தேகமான இடங்களில் முகப்பவுடரை லேசாகத் தூவி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வெள்ளையில் முதலில் ஈரம் தெரியும் மிக உயரமான இடம் எதுவோ அதுதான் ஊற்று. இதைவிட நுட்பமான வழி, ஆயிலில் ஒளிரும் சாயம் கலந்து புற ஊதா விளக்கில் பார்ப்பது. பவுடர் வழி எந்தச் செலவும் இல்லாதது. ஆனாலும் பொறுமையாகச் செய்யும் பட்டறைகள் குறைவு. காரின் சொந்தக்காரரே ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்துவிட்டுப் பட்டறைக்குப் போனால், பேச்சே வேறு மாதிரி தொடங்கும்.

உள்ளே தேங்கும் அழுத்தம்

இனி ஏன் என்ற கேள்வி. இங்கேதான் பெரும்பாலான பழுதுபார்ப்புகள் தவறுகின்றன.

பெட்ரோல் எரியும் அறையிலிருந்து கொஞ்சம் வாயு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே ஆயில் சேம்பருக்குள் இறங்குவது எந்த இன்ஜினிலும் நடப்பதுதான். ரிங்கும் சிலிண்டர் போரும் தேய்ந்த இன்ஜினில் இது அதிகமாகும்; பட்டறைகளில் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். அந்த வாயு வெளியேற ஒரு மூச்சுக்குழாய் உண்டு. பிற்காலக் கார்களில் அது ஒரு சிறு வால்வு வழியாக இன்லெட் மேனிஃபோல்டோடு இணைந்திருக்கும். அந்தக் குழாயோ வால்வோ பிசினேறி அடைத்துக்கொண்டால் வாயுவுக்கு வழியில்லை. உள்ளே அழுத்தம் ஏறும். நல்ல சீலின் உதட்டைக்கூடத் தள்ளிக்கொண்டு ஆயில் வெளியே வரும். அப்போது ஒரு சீலை மாற்றினால் அடுத்த பலவீனமான இடத்தில் கசியும். அதையும் மாற்றினால் மூன்றாவது இடம்.

ஆகவே எந்த பேக்கிங்கையும் கழற்றுவதற்கு முன் இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். புகை லேசாக மிதந்தால் சரி. விட்டுவிட்டு வேகமாக ஊதினால், முதலில் மூச்சுக்குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். குழாய் சுத்தமாக இருந்தும் ஊதினால் ரிங் தேய்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட இன்ஜினில் புதிய சீல்களைப் போட்டுப் பணத்தைக் கரைப்பதில் பயனில்லை. இன்ஜின் வேலையைச் செய்வதா, சொட்டோடு வாழ்வதா என்று முடிவெடுக்க வேண்டியதுதான்.

ரிங் ஏன் தேய்கிறது? வயது ஒரு காரணம். ஹைதராபாத்தில் இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த நகரம் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு பழைய கருங்கல் தரையின்மேல் நிற்கிறது. புதிய கட்டடம் ஒவ்வொன்றுக்கும் பாறை உடைக்கிறார்கள். உப்பலிலிருந்து நாச்சாரம் வரை ஏதாவது ஒரு மூலையில் துளைக்கருவியின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கருங்கல் தூளில் கணிசமான பங்கு குவார்ட்ஸ். மோஸ் அளவில் அதன் கடினம் 7. இன்ஜினில் இருக்கும் சாதாரண இரும்பைவிட அதிகம். கிழிந்த ஏர் ஃபில்டர் வழியாகவோ, சரியாக உட்காராத ஏர் ஃபில்டர் பெட்டியின் விளிம்பு வழியாகவோ இந்தத் தூள் உள்ளே போனால் ரிங்கையும் போரையும் அரம்போல அராவிவிடும். அப்படித் தேய்ந்தபின் பேக் கம்ப்ரஷன், அதன்பின் கசிவு. கசிவுக்கு எதிரான முதல் செலவு ஏர் ஃபில்டர்தான் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். கசிவு தொடங்கியபின் இதைச் செய்தால் பழைய தேய்மானம் திரும்பாது. ஆனால் மேலும் தேய்வது நிற்கும்.

இரண்டு இன்ஜின்கள்

அம்பாசடரின் பழைய பெட்ரோல் இன்ஜினைப் பற்றி ஒரு உண்மையை அதன் சொந்தக்காரர்கள் அனைவரும் அறிய வேண்டும். 1,489 சிசி கொண்ட அந்த இன்ஜின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி வரிசையைச் சேர்ந்தது. அதன் கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் இன்றைய கார்களில் இருப்பதுபோல ரப்பர் சீல் கிடையாது. ஷாஃப்டில் வெட்டிய ஒரு திருகுக் காடி, சுழலும்போது ஆயிலை உள்நோக்கி இழுத்துத் தள்ளும், அவ்வளவுதான் ஏற்பாடு. ஓடும்போது அது வேலை செய்யும். நிறுத்தினால், அதுவும் பின்பக்கம் தாழ்ந்த சரிவில் நிறுத்தினால், கொஞ்சம் சொட்டத்தான் செய்யும். அது பழுதல்ல, வடிவமைப்பு. உள்ளே அழுத்தம் ஏறாதவரை அந்தச் சொட்டு சிறியதாகவே இருக்கும். அதனால் அம்பாசடரில் மூச்சுக்குழாயின் சுத்தம் மற்றக் கார்களைவிட இரு மடங்கு முக்கியம். அந்தக் காடியும் அதைச் சுற்றிய உறையும் தேய்ந்திருந்தால் சரிசெய்ய இன்ஜினையே பிரிக்க வேண்டிவரும். அதற்கு முன் தட்டு ஒன்றை அடியில் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பதே மேல்.

அதே இன்ஜினின் பக்கவாட்டில், மேனிஃபோல்டுக்குப் பின்னால் மறைந்து, இரண்டு டேப்பெட் மூடிகள் இருக்கின்றன. அவற்றின் கார்க் பேக்கிங்குகள் எக்ஸாஸ்ட் சூட்டில் காய்ந்து சுருங்கும். பின்பக்கச் சொட்டு என்று பழி சுமத்தப்பட்ட கசிவுகளில் பல இங்கிருந்து கிளம்பியவை.

மாருதி 800இன் மூன்று சிலிண்டர் இன்ஜினில் கதை வேறு. கார்புரேட்டர் காலத்து வண்டிகளில் கேம் ஷாஃப்டின் முனையில் டிஸ்ட்ரிபியூட்டர் இணைந்திருக்கும். அங்கிருக்கும் ஓ-ரிங் கடினமாகிவிட்டால் ஆயில் நேராக கியர்பாக்ஸின்மேல் வழியும். அடுத்தது டேப்பெட் கவர் பேக்கிங். மூன்றாவதாக ஆயில் பிரஷர் ஸ்விட்ச்: சின்னப் பொருள், பத்து நிமிட வேலை, கசியும்போது மட்டும் பெரிய விபத்துபோலத் தோன்றும். முன்பக்கத்தில் கேம் சீலும் கிராங்க் சீலும் டைமிங் பெல்ட் மூடிக்குள் இருப்பதால் அங்கே கசிந்தால் வெளியே தெரிய நாளாகும். அதற்குள் பெல்ட் ஆயிலில் ஊறிக் கெட்டுவிடும். ஆகவே டைமிங் பெல்ட் மாற்றும்போது அந்த இரண்டு சீல்களையும் கேட்காமலே மாற்றிவிட வேண்டும். இதில் சிக்கனம் பார்ப்பது எனக்குப் புரிவதேயில்லை. கூலி எப்படியும் கொடுத்தாயிற்று.

கார்புரேட்டர் வண்டிகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. இன்ஜினில் பொருத்திய இயந்திர பெட்ரோல் பம்பின் ரப்பர் தகடு (டயாஃப்ரம்) கிழிந்தால் பெட்ரோல் ஆயில் சேம்பருக்குள் இறங்கும். ஆயில் நீர்த்துப்போகும், டிப் ஸ்டிக்கில் அளவு ஏறும், எல்லா மூட்டுகளிலும் கசிவு கூடும். பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பு நாடெங்கும் வந்துவிட்ட நிலையில், அதற்காகத் தயாரிக்கப்படாத பழைய ரப்பர் தகடுகளை ஒருமுறை சோதித்துக்கொள்வது அவசியம். டிப் ஸ்டிக்கை மோந்து பார்த்துப் பெட்ரோல் வாசம் வந்தால் காரை எடுக்கவே கூடாது. தீ ஆபத்தும் உண்டு, பேரிங்கும் போய்விடும்.

சீல், பேக்கிங், பேஸ்ட்

பழைய ஆயில் சீல்கள் பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். நூறு டிகிரியை ஒட்டிய சூட்டில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் இந்த ரப்பர் இறுகி, உதடு ஷாஃப்டைப் பிடிக்கும் நெகிழ்வை இழந்துவிடும். ஃப்ளூரோகார்பன் ரப்பரில் செய்த சீல், விட்டான் என்று கடைக்காரர்கள் சொல்வது, இன்னும் நெடுநாள் தாங்கும். விலை சில மடங்கு. கியர்பாக்ஸை இறக்கிப் போட வேண்டிய பின்பக்க சீலுக்கு அந்த விலை கொடுக்கலாம். எளிதில் எட்டும் இடங்களுக்குச் சாதாரண நைட்ரைலே போதும். சீலின்மேல் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் மில்லிமீட்டரில் அச்சிட்டிருக்கும். கம்பெனி பாகம் கிடைக்காத பத்மினிக்குக்கூட, பழைய சீலைக் கையில் எடுத்துக்கொண்டு செகந்திராபாத் ராணிகஞ்சில் நாலு கடை ஏறி இறங்கினால் அளவுக்குப் பொருந்தியது கிடைக்கும். உதடு எந்தத் திசையில் பார்க்கிறது, சுழலும் திசைக்கான காடிகள் இருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். ஷாஃப்டில் பழைய உதடு வெட்டிய பள்ளம் நகத்துக்குத் தட்டுப்பட்டால் புதிய சீலைக் கொஞ்சம் தள்ளி உட்கார வைப்பது தேர்ந்த கையின் வேலை.

பேக்கிங் கசிவுக்குப் பெருங்காரணம் அதிகமாக முறுக்குவது. தகரத்தில் செய்த டேப்பெட் கவரோ ஆயில் சேம்பரோ போல்ட் துளையைச் சுற்றிக் குழிந்துவிடும். அதன்பின் எத்தனை கார்க் பேக்கிங் மாற்றினாலும் நடுவில் இடைவெளிதான். தட்டையான கட்டையின்மேல் வைத்துத் தட்டி விளிம்பை நேராக்கிவிட்டு, பிறகு அளவாக முறுக்கினால் பழைய பேக்கிங்கே சில நேரம் நின்றுவிடும்.

பேஸ்ட் விஷயத்தில் நம் பட்டறைகளின் தாராளம் கவலை தருவது. சென்னையைச் சேர்ந்த அனபாண்ட் நிறுவனத்தின் சிலிகோன் பேஸ்ட்டை நாடு முழுவதும் மெக்கானிக்குகள் பயன்படுத்துகிறார்கள். சரியாகப் போட்டால் நல்ல பொருள். ஆனால் வெளியே பிதுங்கித் தெரியும் அளவு பேஸ்ட் அப்பினால் அதே அளவு உள்ளேயும் பிதுங்கும். அது காய்ந்து பிய்ந்து ஆயில் சேம்பரில் விழுந்து, பம்பின் வலையை அடைக்கும். கசிவு நின்றது, இன்ஜின் சிக்கியது என்ற நிலை. மூட்டைப் பெட்ரோல் தொட்ட துணியால் ஈரமறத் துடைத்து, மெல்லிய கோடாக இழுத்து, குழாயில் எழுதியிருக்கும் நேரம் காயவிட்டு, அதன்பின்தான் ஆயில் ஊற்ற வேண்டும்.

கசிவு நிறுத்தும் டப்பாக்களைப் பற்றி. அவற்றில் நேர்மையானவை செய்வது ஒன்றே: ரப்பரை லேசாக ஊதவைக்கும் எஸ்டர் போன்ற சேர்மங்களை ஆயிலில் கலப்பது. ஹப்சிகுடாவுக்கு எட்டிப் பார்க்கும் தூரத்தில், 1944இல் நிஜாம் அரசின் ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, 1956இல் மத்திய ஆராய்ச்சி மன்றத்திடம் வந்து, 1989இல் இந்திய வேதித் தொழில்நுட்பக் கழகம் என்ற பெயரைப் பெற்ற நிறுவனத்தில், தாவர எண்ணெய்களிலிருந்து மசகெண்ணெய்க்கான எஸ்டர்களைத் தயாரிக்கும் ஆய்வுகள் நடந்துவருகின்றன. எஸ்டருக்கும் ரப்பருக்கும் உள்ள உறவு வேதியியலில் தெளிவாக அறியப்பட்டது, மாயம் ஒன்றுமில்லை. இறுகிய சீல் கொஞ்சம் மென்மையாகிச் சொட்டு குறையலாம். கிழிந்த சீலுக்கும், காய்ந்து பிளந்த கார்க்குக்கும், அடைத்த மூச்சுக்குழாய்க்கும் அது எதுவும் செய்யாது. அளவு மீறினால் நல்ல சீல்களும் ஊதித் தளர்ந்துவிடும். வயதான காரை விற்கும் முன் இதை ஊற்றிக் கசிவை மறைப்பது வாங்குபவருக்குச் செய்யும் துரோகம்.

கெட்டியான ஆயில் சிறிது உதவும். ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் கேம் ஷாஃப்டுக்குப் போய்ச் சேரத் தாமதிக்கும். கம்பெனி சொன்ன அளவுகளுக்குள், கோடைக்கு ஏற்ற மேல் எல்லையை எடுத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளலாம். சிந்தெடிக் ஆயில் போட்டால் பழைய கார் கசியும் என்ற அச்சத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1970களின் ஆரம்பகாலச் சிந்தெடிக்குகள் சில சீல்களைச் சுருங்கச் செய்தன. இன்றைய கலவைகளில் அந்தக் குறை சரிசெய்யப்பட்டுவிட்டது. எனினும் பழைய கசடு அடைத்துக்கொண்டிருந்த சந்துகளை நல்ல ஆயில் சுத்தம் செய்துவிடும்போது, மறைந்திருந்த கசிவு வெளிப்படும்.

ஃபில்டர்

கார்களில் ஆயில் ஃபில்டர் வந்து நூறாண்டுதான் ஆகிறது. எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட் என்ற அமெரிக்கர் 1920களின் தொடக்கத்தில் உருவாக்கிய பியூரோலேட்டர்தான் முன்னோடி. 1924இன் கிறைஸ்லர் காரில் அது இடம்பெற்றது. ஓடும் ஆயிலில் ஒரு பகுதியை மட்டும் வடிகட்டும் ஏற்பாடு அது. முழு ஆயிலையும் வடிகட்டும் முறை பிற்பாடு பரவியது. தகர டப்பாவைத் திருகி மாட்டும் இன்றைய வடிவம் 1950களில் வந்தது. அம்பாசடரின் பழைய வண்டிகள் அதற்கு முந்தைய மரபு: கிண்ணத்துக்குள் காகித எலிமெண்ட், ஸ்பிரிங், தகடு, வாஷர், காடிக்குள் ரப்பர் வளையம். அந்தப் பழைய வளையத்தைக் கூர்முனையால் கிளறி எடுக்காமல், அதன்மேலேயே புதியதை வைத்து முறுக்குவது இன்றும் நடக்கிறது. திருகு ஃபில்டரிலும் இதே தவறு உண்டு: பழைய ஃபில்டரின் வளையம் இன்ஜினில் ஒட்டிக்கொண்டிருக்க, புதியதை மாட்டிவிடுவது. மற்றக் கசிவெல்லாம் சொட்டு. இது பீய்ச்சல். அழுத்தத்தில் இருக்கும் ஆயில் சில நிமிடங்களில் காலியாகி இன்ஜின் சிக்கிவிடும். ஆயில் மாற்றி ஸ்டார்ட் செய்ததும் அடியில் குனிந்து ஃபில்டரைப் பார்க்காமல் காரை ஒப்படைக்கும் பட்டறைக்குத் திரும்பிப் போக வேண்டாம்.

ஃபில்டருக்குள் மூன்று பாகங்களைக் கவனிக்க வேண்டும். மடித்த வடிகட்டுத் தாள். தாள் அடைத்தாலோ ஆயில் குளிரில் கெட்டியாக இருந்தாலோ திறந்து, வடிகட்டாத ஆயிலையாவது இன்ஜினுக்கு அனுப்பும் பைபாஸ் வால்வு. நிறுத்தியபின் ஆயில் வடிந்துவிடாமல் பிடிக்கும் ரப்பர் வால்வு. படுக்கைவாட்டிலோ தலைகீழாகவோ ஃபில்டர் மாட்டிய இன்ஜினில் கடைசியது உயிர்நாடி. அது இறுகிவிட்டால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி டேப்பெட் சத்தம் கேட்கும். வாரம் ஒருமுறை மட்டுமே எடுக்கும் காருக்குச் சிலிகோன் வால்வு உள்ள ஃபில்டரைத் தேடி வாங்குவது தகும். வாய் மேல்நோக்கி நிற்கும் ஃபில்டரில் இதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

எவ்வளவு நுணுக்கமாக வடிகட்ட வேண்டும் என்பதில் 1988இல் ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர்கள் வெளியிட்ட ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. 40 மைக்ரான் வடிகட்டலோடு ஒப்பிட்டால், 30 மைக்ரானில் இன்ஜின் தேய்மானம் பாதியாகவும், 15 மைக்ரானில் 70 சதவீதமும் குறைந்ததாக அது கண்டது. ஆயிலில் தூளை வேண்டுமென்றே கலந்து செய்த துரிதச் சோதனை அது. சாலையில் அதே அளவு பலன் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் கருங்கல் தூள் பறக்கும் ஊரில் அதன் திசையை அலட்சியம் செய்வதும் சரியல்ல. டப்பாவில் வெறுமனே இத்தனை மைக்ரான் என்று மட்டும் எழுதியிருந்தால் அதற்குப் பொருளில்லை. அந்த அளவுத் துகளில் எத்தனை சதவீதம் பிடிபடுகிறது என்று சொல்ல வேண்டும்; ஐஎஸ்ஓ 4548-12 என்ற சோதனை முறை அதற்காகவே இருக்கிறது. நம் சந்தையில் மலிவு ஃபில்டர்கள் இதைச் சொல்வதில்லை. அப்படியிருக்க, காரின் கம்பெனி பாகத்தையோ, பாஷ், எலோஃபிக், பியூரோலேட்டர் போன்ற பெயர்பெற்ற தயாரிப்பையோ, அந்த மாடலுக்கென்று அட்டவணையில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்குவதே உத்தமம்.

எண் முக்கியம் என்பதற்குக் காரணம் மரை. முக்கால் அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 16 சுற்று என்ற மரையும், 20 மில்லிமீட்டர் விட்டத்தில் 1.5 மில்லிமீட்டர் இடைவெளி என்ற மரையும் கார் ஃபில்டர்களில் மிகப் பரவலானவை. முதலாவதன் விட்டம் 19.05 மில்லிமீட்டர், இடைவெளி சுமார் 1.59. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். 20 மில்லிமீட்டர் ஃபில்டர் அங்குல ஸ்டட்டில் ஏறிவிடும், இறுகியதுபோலவும் தோன்றும். நெடுஞ்சாலையில் அழுத்தம் ஏறும்போது கழன்றுவிடும். பெரிய ஃபில்டர் போட்டால் அதிக அழுக்கைப் பிடிக்கும் என்று அளவு மாற்றுபவர்கள் மரை, வளையத்தின் விட்டம், பைபாஸ் வால்வின் அழுத்தம் மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்காமல் செய்யக் கூடாது. வளையத்தில் புது ஆயிலைத் தடவி, கையால் திருகி, வளையம் தொட்டபின் முக்கால் சுற்று. பெரும்பாலான ஃபில்டர்களுக்கு அவ்வளவே போதும்.

போலிகள் ராணிகஞ்சிலும் உண்டு, கோட்டிக்கு அருகிலுள்ள புத்லிபவுலியிலும் உண்டு, சென்னையிலும் டெல்லி காஷ்மீரி கேட்டிலும் உண்டு. அசலைவிடக் கையில் லேசாக இருப்பது, மரையின் வாயில் பிசிறு, மங்கிய அச்சு ஆகியவை அறிகுறிகள். நிச்சயமாகத் தெரிய ஒரே வழி, கழற்றிய பழைய ஃபில்டரை வெட்டிப் பார்ப்பது. தாள் மடிப்புகள் சீராக, ஒட்டியபடி இருக்கின்றனவா, வால்வு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கூடவே இன்ஜினின் உடல்நிலையும் தெரியும். மடிப்பைப் பிரித்து வெயிலில் பார்த்தால், காந்தத்தில் ஒட்டும் துகள் இரும்பு. செம்பு நிற மினுமினுப்பு பேரிங்கின் அடித்தட்டு தேய்ந்ததற்கு அடையாளம். அது தெரிந்தால் கசிவைப் பற்றிய கவலையை ஒத்திவைத்துவிட்டு பேரிங்கைப் பார்க்க வேண்டும்.

ஆயிலைப் பற்றி ஒன்றைச் சேர்க்க வேண்டும். அம்பாசடர் போன்ற தட்டை டேப்பெட் இன்ஜின்களுக்குத் தேய்மானத்தைத் தடுக்கத் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த கூட்டுப்பொருள் தேவை. வினையூக்கி மாற்றிகளைக் காப்பதற்காகப் புதிய தர விதிகள் பாஸ்பரஸைக் குறைத்தன. ஆனால் அந்தக் கட்டுப்பாடு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய ரகங்களுக்கே பொருந்தும். 20டபிள்யூ-50 ரகத்தை அது கட்டுப்படுத்துவதில்லை. புதிய காருக்கான மெல்லிய ஆயிலை, விலை அதிகம் என்பதால் உயர்ந்தது என்று எண்ணி, அம்பாசடரில் ஊற்றுவது அதற்கு நல்லதல்ல.

மாற்றும் இடைவெளியில் கிலோமீட்டரைவிட நாட்கணக்கைப் பார்ப்பதே சரி. தார்நாகா வரை காய்கறிக்குப் போய்த் திரும்பும் காரில் ஆயில் முழுச்சூடு அடைவதே இல்லை. ஈரமும் பெட்ரோலும் அதில் தங்கிவிடுகின்றன. ஆண்டுக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓடினாலும் ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலையும் ஃபில்டரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஆயிலை மாற்றிவிட்டு ஃபில்டரை விட்டுவைத்தால், அதற்குள் நிற்கும் பழைய ஆயில் புதியதோடு கலந்துவிடும்.

கழற்றிய ஆயிலும் ஃபில்டரும் எங்கே போகின்றன என்பதும் கசிவுக் கேள்வியின் பகுதிதான். தரையில் விழும் சொட்டைவிடப் பல மடங்கு பெரிய கசிவு அங்கேதான் நடக்கிறது. உப்பல் நல்ல செருவு, ராமந்தாபூர் ஏரி, நாச்சாரம் பெத்த செருவு என்று இந்த வட்டாரத்தில் எஞ்சியிருக்கும் நீர்நிலைகள் எல்லாம் தாழ்ந்த இடத்தில் இருக்கின்றன. பட்டறை முன் மழைநீர்க் கால்வாயில் ஊற்றியது அவற்றைத்தான் போய்ச் சேரும். ஒரு பங்கு கழிவு ஆயில் பத்து லட்சம் பங்கு நன்னீரைக் கெடுக்கும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு. 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளில் கழிவு ஆயில் அடங்கும்; 2023இல் செய்த திருத்தம் ஆயில் தயாரிப்பாளர்கள் மீது மறுசுழற்சிப் பொறுப்பைச் சுமத்தி, 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் தெருவோரப் பட்டறையின் பீப்பாயிலிருந்து பதிவுபெற்ற மறுசுழற்சிக்காரரிடம் ஆயிலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கண்ணி இன்னும் வலுவாக இல்லை. செங்கல் சூளைக்கும் ஷட்டரிங் பலகைக்கும் அதை விலைக்கு வாங்கிப் போகிறவர்கள் உண்டு. மாநகராட்சி ஒவ்வொரு வார்டிலும் ஒரு சேகரிப்பு இடத்தை அறிவித்து, லிட்டருக்கு அதே விலையைக் கொடுத்தால் பட்டறைக்காரர்கள் அங்கேதான் கொண்டுவருவார்கள். ஃபில்டரையும் அங்கே வாங்க வேண்டும்: சூட்டோடு கழற்றி, அடியில் துளையிட்டு, ஒரு இரவு முழுவதும் தட்டின்மேல் கவிழ்த்து வைத்தபின் கொடுத்தால், தகரம் இரும்புக்கடைக்கும் வடிந்த ஆயில் பீப்பாய்க்கும் போகும்.